வலைக்குள் ஒரு கூழைக்கடா

சென்ற ஆண்டு கார்த்திகையில், விடாமல் கொட்டிய மழை ஓய்ந்த மறுநாள் காலை, காத்திவாக்கத்தில் கழிமுகத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. முகநூலில் போடவில்லை, நண்பர்களிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். பிறந்து வளர்ந்தது ராயபுரம், குடியிருப்பது காலடிப்பேட்டையில் ஒரு மாடி வீடு. நாள் பூராவும் உயரத்தில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி வைப்பதுதான் பிழைப்பு. மேலேயிருந்து கடல் நன்றாகத் தெரியும், கப்பல் தெரியும். பறவைகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட நான் கவனித்ததில்லை. வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

என் மனைவி அப்படி இல்லை. அவள் காத்திவாக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். அந்த வீட்டிலிருந்து நர்ஸ் படிப்புப் படித்த முதல் ஆள். இங்கே ஒப்பந்த வேலையில் அல்லாடிவிட்டு, குவைத்தில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நல்ல வேலை கிடைத்ததும் போனாள். கல்யாணமான புதிதில் ஒன்றாக இருந்த காலத்தைவிட, போனில் பேசிக் கழித்த காலம்தான் எங்களுக்கு அதிகம். வீடியோவில் சமையல் கற்றுக்கொண்டேன். வீடியோவிலேயே சண்டையும் போட்டோம். சண்டையில் கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போக முடியாது, போனை அணைக்கத்தான் முடியும். அணைத்துவிட்டால் பிறகு வீடு இருக்கிற இருப்பு சகிக்காது.

இங்கே மழை பெய்கிறது என்று செய்தியில் பார்த்துவிட்டால் போதும், அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. மழை விட்டதும் கழிமுகத்தில் நல்ல தண்ணீர் இறங்கும், முகத்துவாரம் அகலமாகத் திறக்கும், மீனும் இறாலும் ஓடும், அதைத் தின்னப் பறவைகள் கூட்டமாக வரும். சின்ன வயதில் அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவாளாம். அதனால் ஒவ்வொரு மழைக்கும் என்னைத்தான் விரட்டுவாள். போய்ப் பார், என்ன வந்திருக்கிறது என்று சொல். நானும் போவேன். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு, அவள் கேட்கிற பறவை கண்ணில் படாவிட்டால் எனக்கே ஏமாற்றமாக இருக்கத் தொடங்கியது.

அந்த மழையில் என் மச்சான் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். முந்தின நாளே போய் சாமான்களைப் பரணில் ஏற்றி, சகதியை வாரிக் கொட்டி, தார்ப்பாய் கட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். விடிந்ததும், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மச்சான் சிரித்துக்கொண்டே, “இன்னா மாப்ள, ஊட்டுக்காரி டூட்டி போட்டுட்டாளா?” என்று கேட்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மனைவியின் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறாளா, ஊருக்குத் திரும்புகிறாளா என்று அந்த வாரத்துக்குள் அவள் மருத்துவமனையில் சொல்ல வேண்டும். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் “உன் இஷ்டம்” என்பேன். அவளும் “நீ சொல்றதுதான்” என்பாள். இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாக அந்தப் பந்தை ஒருவர் பக்கம் ஒருவர் உருட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு வேண்டியது அவள் வர வேண்டும் என்பதுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் அவள் தலையில் பாரம் ஏற்றின மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம். அன்று காலை சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

மழை கழுவிவிட்ட வானம். அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் அத்தனை பக்கத்தில் நிற்பது மாதிரி தெரிந்தன. கழிமுகத்துத் தண்ணீர் டீ நிறத்தில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் ஏரிகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து போனது, அதன் மேல் ஒரு தண்ணீர்ப் பாம்பு சவாரி போனது. சேற்றில் நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. காலடிச் சத்தம் கேட்டதும் கரையிலிருந்த சேற்று மீன்கள் தத்தித் தத்தி ஓடின. மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி. ஆழம் குறைந்த பக்கத்தில் சிவப்புக் காலுள்ள உள்ளான்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், எண்ண முடியாத அளவு கொக்குகள். எல்லாவற்றையும் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவளுக்கு இரவு டூட்டி, அங்கே இன்னும் விடியவில்லை. டீ குடிக்க வெளியே வரும்போது பார்ப்பாள்.

கரை வளைகிற இடத்தில், தண்ணீரில் ஏதோ பெரிதாக அடித்துக்கொள்வது தெரிந்தது. நாய் என்று நினைத்தேன். கிட்டே போனால் ஒரு கூழைக்கடா. கழி நட்டுக் கட்டியிருந்த வலையில் ஒரு கழியை வெள்ளம் பிடுங்கிவிட்டிருந்தது. அதனால் வலையின் ஒரு முனை கரையோரச் சேற்றில் ஒதுங்கிக் கிடந்தது. அதில் மீன் பிடிக்கப் போய் மாட்டியிருக்கிறது. ஒரு இறக்கை முழுக்க வலைக்குள். அந்த நீளமான அலகிலும் அதன் கீழே தொங்குகிற பையிலும் நைலான் கண்ணிகள் இறுகியிருந்தன. அடித்து அடித்து ஓய்ந்து, தலையைத் தண்ணீரில் போட்டுக் கிடந்தது. பிறகு திடீரென்று மறுபடி அடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் தலை கொஞ்சம் அதிகமாக முங்கியது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவள்தான். மருத்துவமனையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் டீ, கண்ணில் தூக்கம். “இன்னா மாமா, இன்னிக்கு நெறைய வந்துகீதே” என்று ஆரம்பித்தவளிடம் போனைத் திருப்பிக் காட்டினேன். டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

தார்ப்பாய்க் கயிறு அறுக்க வைத்திருந்த கத்தி என் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். இரண்டு இழுப்பு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற தெம்பும் இருந்தது, அதை மறைப்பானேன்.

“மாமா, கத்திய உள்ள வை” என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் வார்டில் அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “அது யாரோட பாடுன்னு தெரியுமா உனுக்கு?”

பாடு என்றால் முறை. கழிமுகத்தில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் போட்டி போட்டால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறார்கள். மழைவெள்ளம் இறங்குகிற நாளில் ஒருவருக்குப் பாடு வருவது லேசில் வாய்க்காது. அடுத்தவர் பாட்டில் கை வைப்பது அந்த ஊரில் பெரிய குற்றம். அதுவும் வலையை அறுப்பது என்றால் பஞ்சாயத்துதான். ராயபுரத்தான் எனக்கு அது காதால் கேட்ட சங்கதி. அவளுக்கு அது பால் குடிக்கும்போதே தெரிந்த சங்கதி.

உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது போய் முறை பேசுகிறாயே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. “நீ அறுத்துட்டு காலடிப்பேட்டைக்கு போயிடுவ. எங்கண்ணன் அவங்க மூஞ்சில எப்டி முழிப்பான்? அறுக்காம எடுக்கலாம். நான் சொல்றேன், நீ எடு” என்றாள்.

போனைக் கரையில் ஒரு கல்லின் மேல் வைத்து, என் செருப்பை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். அவளும் தன் போனைப் படியில் நிறுத்திக்கொண்டாள். முதலில் அதன் கண்ணை மூடு என்றாள். சட்டையைக் கழற்றி அதன் தலை மேல் போட்டதும், அவ்வளவு பெரிய பறவை சட்டென்று அடங்கியது. முட்டி போட்டு இரண்டு காலுக்கும் நடுவில் உடம்பை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அலகை இறுக்கி மூடப் போனவனைத் தடுத்தாள். முழுக்க மூடினால் அதற்கு மூச்சு முட்டும், நடுவில் ஒரு விரலை விட்டுப் பிடி என்றாள். விட்டேன். நன்றிக்கடனாக அது தின்றிருந்த அத்தனை மீனையும் என் மார்பு மேல் கக்கியது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம். அவள் சிரித்த சிரிப்பு மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. நான் கிரேன் ஓட்டுகிறவன். என் கைக்குத் தெரிந்தது முன்னால் தள்ளுவது, பின்னால் இழுப்பது. கண்ணியைப் பிடித்து இழுத்தேன். இன்னும் இறுகியது. “இழுக்காத. கடைசியா எது மாட்டிச்சோ அத்த முதல்ல எடு. அது உள்ள போன வழியிலதான் வெளிய வரும்” என்றாள். எது கடைசி என்று எனக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து போனைப் பார்த்தேன்.

திரையில் அவள் இரண்டு கைகளையும் தூக்கி, வெறும் காற்றில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் இல்லாத ஒரு இறக்கை. வலது கை விரல்கள் இல்லாத ஒரு கண்ணியைத் தூக்கி, தளர்த்தி, இறகு போகிற திசையிலேயே வழித்து விட்டன. மறுபடி அடுத்தது. வெள்ளைச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, எங்கோ ஒரு நாட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, எங்கள் ஊர்க் கழிமுகத்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. அவளுக்கு நான்கூடத் தெரிந்திருக்க மாட்டேன் அப்போது.

அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் வீடியோவில் நான் பார்த்துப் பேசியது அவள் முகத்தோடுதான். கைகளை நான் பார்த்தே வெகு நாளாகிவிட்டது. மீன் கழுவும்போது, என் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது, ஜுரத்தில் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் கையில் இருந்தது நாறுகிற ஒரு கூழைக்கடா.

அவள் காட்டியபடி செய்தேன். ஒரு கண்ணி வந்தது. இன்னொன்று வந்தது. அலகு விடுபட்டது, பை விடுபட்டது. இறக்கைதான் பொறுமையைச் சோதித்தது. என் கால்கள் மரத்துவிட்டன, வெள்ளம் முதுகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவள் டீ ஆறிப்போனது. நடுவில் யாரோ மலையாளத்தில் அவளை ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். இதோ வருகிறேன் என்று சொன்னாள், எழுந்திருக்கவில்லை. “அவசரப்படாத மாமா, வந்துடும்” என்று என்னிடம் சொன்னாளா, பறவையிடம் சொன்னாளா தெரியவில்லை. இரண்டு பேருமே அடங்கி இருந்தோம்.

கடைசிக் கண்ணியும் வந்ததும் சட்டையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். கூழைக்கடா உடனே போகவில்லை. இறக்கையை விரித்தது, மடக்கியது. அலகை ஆட்டியது. என்னை ஒரு பார்வை பார்த்தது, அதில் அன்பு எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அது பறப்பதை அவள் பார்க்க வேண்டும். தட்டுத் தடுமாறிக் கரையேறி போனை எடுத்தேன். கேமராவைத் திருப்ப வேண்டும். போனையே திருப்பிப் பிடிக்கலாம் என்பது அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை. கையெல்லாம் சேறு, மீன் செதில். திரையைத் தொடுகிறேன், தொடுகிறேன், போன் கேட்கவே இல்லை. லுங்கியில் துடைத்தேன், லுங்கியும் சேறு. அதற்குள் பின்னால் படபடவென்று சத்தம். தண்ணீர் மேல் ஓடி, எழும்பி, அந்தக் கனத்த உடம்பு அப்படியே லேசாகி, முகத்துவாரத்தைப் பார்த்துத் தாழப் பறந்து போனது. நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தபடி நின்றேன். போன் என் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். கடல் பக்கம் என்றேன். உன்னால் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பறவைய பாக்கல மாமா. உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்” என்றாள்.

எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. “வந்துடேன்” என்று மட்டும்தான் வாயில் வந்தது. “எனுக்கு முடியல. நீ வந்துடு.”

படியில் யாரோ ஏறிப்போகிற சத்தம் கேட்டது. பிறகு, “நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா. இன்னும் ரெண்டு வருஷம்” என்றாள்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. அவள் ஏன் போட்டாள் என்று எனக்குத் தெரியாதா? இங்கே வந்தால் மறுபடி அந்த ஒப்பந்த வேலை, எப்போது நிறுத்துவார்களோ என்கிற பயம். அங்கே அவள் கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நானே அவள் இடத்தில் இருந்தாலும் போட்டிருப்பேன். புத்திக்கு எல்லாம் புரிந்தது.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டூட்டிக்குத் திரும்ப வேண்டும், முகம் சிவந்திருந்தால் கூட இருப்பவர்கள் கேட்பார்கள். எழுந்து நின்றாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“மாமா, இப்ப சொன்னியே அத்த இன்னொரு தபா சொல்லு” என்றாள்.

வந்துடு என்றேன். கேட்டுக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள், திரை அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கூடவே, அன்றைய பாடு எந்த வீட்டுக்கோ அந்த வீட்டுக்காரரும் வந்தார். கழி சாய்ந்துவிட்டது என்று யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறார். நான் இருந்த கோலத்தைப் பார்த்து இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னதும் அந்த மனிதர் வலையின் முனையைத் தூக்கி, ஒவ்வொரு முழமாக விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ராயபுரத்து மாப்பிள்ளை எப்படி இதைப் பிரித்தார் என்று அவருக்கு ஆச்சரியம். “நான் பிரிக்கல, உங்க ஊர் பொண்ணு பிரிச்சா” என்றேன். மச்சான் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழியைப் போய் எடுத்துவந்தார். மூன்று பேருமாகக் கழியை நட்டு வலையை இழுத்துக் கட்டினோம். கூழைக்கடா தின்ற மீனுக்கு மாப்பிள்ளைதான் பொறுப்பு என்று அந்த மனிதர் கிண்டல் செய்தார். தின்றதை எல்லாம் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதே என்று மார்பைக் காட்டினேன். சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், சிரிப்பு வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்துவிட்டது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் இன்னும் கழிமுகத்தில் நடக்கிறேன். இப்போது பறவைகளின் பெயர்கள் எனக்கும் அத்துப்படி. கூழைக்கடாக்கள் வானத்தில் வரிசையாகப் போனால் அதில் எது நம்ம ஆள் என்று அவள் கேட்பாள், நானும் ஏதோ ஒன்றைக் கைகாட்டி விடுவேன். அது அங்கே திரையில் அவளுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். சில நாள், பேசி முடிக்கிற நேரத்தில் கையைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். எதற்கு என்று கேட்க மாட்டாள். இரண்டையும் விரித்துக் காட்டுவாள்.

பிறகு போனை வைக்கும் முன் நான் வந்துடு என்று சொல்வேன், அவள் சரி என்பாள். வர முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்துகொண்டே கூப்பிடுவது வீண் வேலை என்று ஒரு காலத்தில் நினைத்தவன்தான் நான். இப்போது, அதை நான் சொல்ல மறந்த இரவுகளில் எங்கள் இருவருக்கும் தூக்கம் வருவதில்லை.